குள்ளன் பொண்ணைக் குடுத்தது சரிதானுங்க

ஏனுங்க, இந்தப் பொட்டி உங்க முட்டில இடிக்குதுங்களா? கொஞ்சம் பொறுத்துக்கங்க. மேல வெக்கலாம்னா அந்தக் கண்டக்டர் தூக்கி எறிஞ்சுதான் வெப்பாரு. உள்ள இருக்கறது ஸ்பீக்கருங்க. டிவிக்கு மாட்டறது. இதுக்குன்னே கோயமுத்தூர் போயி வாங்கிட்டு வர்றேன். ஞாயித்துக்கெழமை எங்கூட்டுக்கு ஆளுங்க படம் பாக்க வர்றாங்க. இருக்கற டிவில குண்டு வெடிச்சா பட்டாணி வறுக்கற மாதிரி சத்தம் வருது. ஒருத்தன் மலையை ரெண்டாப் பொளக்கறப்ப பட்டாணிச் சத்தம் வந்தா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க?

நீங்க எங்க, தாராபுரமா? அப்ப நெம்ப தூரம் இருக்குது. நான் பல்லடத்துல எறங்கிக்குவேன்.

என்ன படமா? இசெக்காய்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் மொதல்ல அவரைக்காய், சொரக்காய் மாதிரி ஏதோ காய்னுதான் நெனச்சேன். அது ஜப்பான்காரன் எடுக்கற பொம்மைப்படமுங்க. ஒருத்தன் நம்மள மாதிரி ரோட்டுல போயிட்டிருப்பான். லாரி வந்து அடிச்சுரும். பொட்டுனு போயிருவான். கண்ணு முழிச்சா வேற லோகம். அங்க ராசா, ராட்சசன், மந்திரம், பூனைக்காது வெச்ச பொண்ணுங்க, எல்லாம் இருக்கும். இவன் அங்க போயி பெரிய ஆளாயிருவான். எந்தக் கதையை எடுத்தாலும் பாதிக்கு மேல லாரிதானுங்க. நான் துணி லோடு ஏத்தி அனுப்பற ஆளு. இப்பெல்லாம் லாரியைப் பாத்தா எனக்கு ஒரு மரியாதையே வந்துருச்சு.

சிரிங்க, சிரிங்க. நானும் அப்படித்தான் சிரிச்சேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. பல்லடத்துக்குப் பக்கத்துல விசைத்தறிக் கூடம் வெச்சிருக்கறேன். ஒத்தை ஆளா நின்னு முன்னுக்கு வந்தவன். எடம் மச்சினன் குடுத்தது. மொதத் தறி மாமனாரு வாங்கித் தந்தாரு. எம் பொண்டாட்டி ரத்னா கைக்கொழந்தையை மடில போட்டுட்டு நூல் சுத்திக் குடுத்தா. அதெல்லாம் இருக்கட்டும். ஆனா ஒத்தை ஆளா நின்னது நானுங்க.

ஒரே பொண்ணு, மிருதுளா. எம்.பி.ஏ. படிச்சுட்டு கோயமுத்தூர்ல கம்பெனில வேலை. கண்ணாலத்துக்குப் பாக்கறோம், பாக்கறோம், பாத்துட்டே இருக்கறோம். வர்ற பையனுக எல்லாம் தங்கமான பையனுக. எல்லாம் நம்ம சனந்தான், அதை விட்டு வெளிய நான் எட்டிக்கூடப் பாக்கறதில்லீங்க. ஆனா இந்தப் புள்ள, பொண்ணு பாக்க வர்றவனைத் தனியாக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேக்கறா. "இசெக்காய்ல ஹீரோவுக்கு மந்திர சக்தி பெருசா, கூட இருக்கற ஒறவு பெருசா?" ஒரு பையன் பேந்தப் பேந்த முழிச்சான். ஒருத்தன் சம்பளந்தான் பெருசுன்னுட்டான். கோபில இருந்து வந்த பையன், பாவம், காய்னதும் சமையலைப் பத்திக் கேக்கறான்னு நெனச்சு, "அத்தை வெச்ச பொரியல் நெம்ப நல்லா இருந்துச்சுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அத்தனை பேரையும் வேண்டாம்னுட்டா.

நான் விடுவனா? "அம்மிணி, அந்தக் கேள்விக்குப் பதிலை எங்கிட்டச் சொல்லிரு. அடுத்து வர்ற மாப்பிள்ளைக்கு நானே சொல்லிக் குடுத்துர்றேன்"னேன். அதுக்கு அவ சொல்றா:

"சொன்னாப் புரியாதுங்கப்பா, பாக்கோணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கறாரு. அவருக்கு எல்லாம் தெரியும். ஞாயித்துக்கெழமை வரச் சொல்லட்டுங்களா?"

வரச் சொல்லுன்னேன்.

அப்படி வந்தவந்தானுங்க அறிவழகன். ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, வாசல்லயே செருப்பை ஓரமா நேரா வெச்சுட்டு உள்ள வந்தான். பேரைக் கேட்டாலே எந்தூரு, என்ன ஆளு, யாரு வகையறான்னு புட்டுப்புட்டு வெக்கறவன் நானு. இந்தப் பேர்ல எனக்கு ஒண்ணுமே புடிபடலீங்க. சரி, கேட்டுரலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள லாரி வந்து அடிச்சுருச்சு. டிவிலதானுங்க. அப்புறம் கேக்கறதுக்கு எங்க நேரம்?

பையன் ரெண்டு கதை போட்டுக் காட்டினான். ஜப்பான் பேரெல்லாம் எம் வாய்ல நொழையாது. நானே பேரு வெச்சுக்கிட்டேன். மொதக் கதைல வர்றவன் மலைப்பொளந்தான். அப்பாடா, என்ன சக்திங்கறீங்க! கையைத் தூக்கினா வானம் கறுக்கும். எறக்கினா மலை ரெண்டு துண்டு. யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டான். யாரும் வேண்டியதில்லை அவனுக்கு. பாத்ததும் எனக்குப் புடிச்சுப் போச்சு. நம்ம ஆளு!

"தம்பி, இவனுக்கு எத்தனை எச்.பி. இருக்கும்?"னு கேட்டேன்.

"அளக்கற மிஷினே வெடிச்சுருச்சுங்க அங்கிள்."

நான் தொடையைத் தட்டிட்டேன்.

ரெண்டாவது கதைல வர்றவனுக்கு வெறுங்கையன்னு பேரு வெச்சேன். இவனும் லாரில அடிபட்டவந்தான். மேல ஒரு சாமிப் பொண்ணு வரிசைல நிக்க வெச்சு எல்லாருக்கும் மந்திர சக்தி குடுக்குது. இவன் முறை வர்றப்ப சரக்கு தீர்ந்து போச்சு! ரேஷன் கடைல பாமாயில் தீர்ற மாதிரி. வெறுங்கையோட அனுப்பிருச்சு. இவங்கிட்ட இருக்கறது என்னன்னா, போற எடத்துலயெல்லாம் பேரு என்னன்னு கேப்பான். சாப்டியான்னு கேப்பான். அவ்வளவுதான். ஒரு நா ஊரையே எரிக்கற பறக்கற பாம்பு ஒண்ணு வருது. இவன் குச்சி மாதிரி அதும் முன்னால நின்னு, "உம்பேரு என்ன? சாப்டியா?"ங்கறான். அதுகிட்ட யாரும் அதைக் கேட்டதே இல்லை. பாம்பு ஓன்னு அழுவுது. அழுது, அழுது, ஊர்ல புடிச்ச தீயே அணைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அது இவங்கூடவே வந்துருச்சு. இப்படியே குள்ளன் ஒருத்தன், காது நீண்டவன் ஒருத்தன், பூனைக்காதுப் புள்ள ஒண்ணு, எல்லாம் சேந்து ஒரே சட்டியைச் சுத்தி உக்காந்து சாப்பிடறாங்க.

"இது ஒரு சக்தியா தம்பி? சக்தி இருந்தா ஒறவு தானா ஓடி வரும்"னேன்.

"வரும் அங்கிள். ஆனா அது சக்தியைப் பாத்து வர்றது. அவனைப் பாத்து வர்றதில்லைங்களே?"ன்னான்.

பாத்தீங்களா! சின்னப் பையன் மடக்கறான். எனக்கு ரத்தம் சூடாயிருச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதானுங்க சண்டை. நான் மலைப்பொளந்தான் கச்சி, அவன் வெறுங்கையன் கச்சி. ஞாயித்துக்கெழமையானா காத்தால குளிச்சு ரெடியாயிருவேன். ரத்னா, "பொண்ணு பாக்கப் போறவனாட்டம் நிக்கறீங்க"ம்பா. தறிச் சத்தத்துலயே இருந்தவனுக்கு, உக்காந்து மணிக்கணக்கா வாதாட ஒரு ஆளு கெடைச்சா எப்படி இருக்குமுங்க! வாரம் பூரா நானு மனசுக்குள்ள பாயிண்டு சேத்து வெப்பேன்.

பையங்கிட்ட ஒரே ஒரு குறை. கண்ணு கோளாறுன்னு நெனைக்கறேன். டிவியைப் பாக்காம சமையக்கட்டுப் பக்கமே பாத்துட்டு இருப்பான். எங்கூட்டு டீ மேல அவனுக்கு அவ்வளவு ஆசை. மிருதுளாவும் பாருங்க, பொறந்ததுல இருந்து அடுப்பு பத்த வெக்காதவ, ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வெச்சுக் கொண்டாந்து குடுப்பா. விருந்தாளியை மதிக்கத் தெரிஞ்ச புள்ள. அப்பங்கூடச் சேந்து அவளும் ஓரமா நின்னு படம் பாப்பா. சிரிக்காத எடத்துலயெல்லாம் சிரிப்பா.

ஒரு நா நானு மனசு விட்டுக் கேட்டேன். "தம்பி, எம் பொண்ணுக்கு உன்னை மாதிரியே ஒரு பையன் இருந்தாச் சொல்லு. நம்ம சனத்துல." டீ அவனுக்குப் பொரை ஏறிருச்சு. மிருதுளா ஓடி வந்து தலையைத் தட்டினா. அதைத்தான் சொல்றேன், பொறுப்பான புள்ளைன்னு. உங்களுக்கும் யாராவது தெரிஞ்சாச் சொல்லுங்க. கேள்விக்குப் பதிலை நானே சொல்லிக் குடுத்துர்றேன்.

ஏனுங்க, தண்ணி வேணுங்களா? உங்களுக்கும் பொரை ஏறுது.

சரி, நல்லாப் போயிட்டிருந்துச்சா? அந்த வெறுங்கையன் கதைல ஒரு கட்டம் வந்துச்சு. குள்ளனுக்கு ஒரு பொண்ணு. அது காது நீண்டவனைக் கட்டிக்கறேங்குது. குள்ளன் முடியாதுன்னு மலைக்குள்ள போயி இரும்புக் கதவைச் சாத்திக்கிட்டான். அப்பிடிப் போடு! நானு எந்திரிச்சே நின்னுட்டேன்.

"குள்ளன் செஞ்சதுதான் தம்பி சரி! ஒரே சட்டில சாப்பிடறது வேற, பொண்ணு குடுக்கறது வேற. குள்ளனுக்குக் குள்ளந்தான். காது நீண்டவனுக்குக் குடுத்தா, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்குக் காது எந்த அளவுல இருக்கும்? ஊருக்குள்ள எப்படிக் கொண்டுட்டுப் போறது?"

நான் வாதத்துக்குச் சொன்னேன். பையன் பதிலுக்கு மடக்குவான், நான் ஒரு போடு போடலாம்னு காத்துட்டு இருக்கறேன். அவன் என்னடான்னா பாதி டீயைக் கீழ வெச்சான். சமையக்கட்டுல ஏதோ பாத்திரம் விழுந்துச்சு.

"நான் கெளம்பறேங்க அங்கிள்"னான்.

"இன்னும் கதை முடியலையே தம்பி?"

"எனக்குத் தெரியுமுங்க எப்படி முடியும்னு"ன்னுட்டுப் போயிட்டான்.

அடுத்த ஞாயித்துக்கெழமை வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. போன் போட்டா எடுக்கலை. வாதத்துல தோத்ததுக்கு இவ்வளவு கோவமான்னு நெனச்சுக்கிட்டேன். சின்னப் பசங்களுக்குத் தோல்வியைத் தாங்கற மனசே இல்லீங்க. ஊட்லயும் அப்பவே பாத்து எல்லாருக்கும் ஒடம்பு சரியில்லை. மிருதுளாவுக்கு ஜலதோசம், கண்ணெல்லாம் செவந்து கெடக்குது, சோத்தைத் தொட மாட்டேங்கறா. ரத்னா ரசத்துல உப்புப் போட மறந்து போறா. கேட்டா, "அதையும் உங்க மலைப்பொளந்தானே வந்து போடட்டும்"ங்கறா. அவளுக்கு அவன் மேல என்ன கோவம்னு எனக்கு வெளங்கவே இல்லை.

சரின்னு ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் நானே ஒத்தையா உக்காந்து மலைப்பொளந்தான் கதையோட கடைசியைப் போட்டேன். ஜெயிக்கறானுங்க! ராட்சச ராசாவை ஒரே வீச்சுல முடிச்சுட்டான். கோட்டை அவனுது. நீள மேசை, அது பூரா விருந்து. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. "பாத்தியா தம்பி!"ன்னு பக்கத்துல திரும்பினேன்.

நாற்காலி காலியாக் கெடந்துச்சு.

திரும்பி டிவியைப் பாத்தா, மலைப்பொளந்தானும் அதே மாதிரி பக்கத்துல திரும்பிப் பாக்கறான். மேசை பூரா காலி. ஒரு ஆளு இல்லை. இத்தனை எச்.பி. இருந்து என்னத்துக்குங்க? பொளந்த மலையை யாருகிட்டக் காட்டறது?

விடலை நானு. வெறுங்கையன் கதையையும் போட்டேன். குள்ளன் மலைக்குள்ளயே கெடக்கறான். இரும்படிக்கறான், அடிக்கறான், ஒரு வில்லு செய்யறான். அப்படி ஒரு வில்லு அவன் ஆயுசுல செஞ்சதில்லை. செஞ்சு முடிச்சுத் தூக்கிப் பாக்கறான். அதோட அருமை தெரிஞ்சவன் ஒலகத்துலயே ஒருத்தந்தான். அந்தக் காது நீண்டவன். குள்ளன் நிக்கறான், நிக்கறான், நின்னுட்டே இருக்கறான். அப்புறம் போயி அந்த இரும்புக் கதவைத் தொறக்கறானுங்க. தொறந்து வில்லை நீட்டறான். "இந்தாடா, பொண்ணையும் கூட்டிட்டுப் போ"ங்கறான்.

நானு பனியனோட அழுவறேன். ரத்னா எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க, யாராவது போயிட்டாங்களா?"ங்கறா. "இல்லடி, நான் தோத்துட்டேன்"னேன். சட்டையை மாட்டிட்டு மொபெட்டை எடுத்துட்டேன். வாதம்னா வாதம். தோத்தா நேர்ல போயி ஒத்துக்கோணும். அதுல நானு கெட்டிக்காரன்.

சூலூரைத் தாண்டின்னு அவன் ஒருக்கா சொல்லியிருந்தான். விசாரிச்சுட்டே போனா, நானு எந்தக் காலத்துலயும் காலெடுத்து வெக்காத வீதிக்குக் கை காட்டறாங்க. போனேன். எனக்கு அப்ப அதெல்லாம் மண்டைலயே ஏறலீங்க, குள்ளந்தான் ஓடிட்டு இருக்கறான். வாசல்ல வண்டியை நிறுத்தினேன். அவங்கப்பா மில்லுல ஃபிட்டரு, பேரு தணிகாசலம். சட்டைப் பட்டனைப் போட்டுட்டே ஓடி வந்தாரு. "மிருதுளா அப்பாங்க நானு"ன்னதும் அந்தாளு மூஞ்சில ரத்தமே இல்லை. அந்தம்மா கதவுக்குப் பின்னால நின்னுட்டு ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சிருக்கறாங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க நாலஞ்சு பேரு வெளிய வந்து நின்னுட்டாங்க. சண்டைக்கு வந்திருக்கறேன்னு நெனச்சாங்களாட்ட. எம் மூஞ்சி வாகே அப்படி, என்ன பண்றது?

"தம்பியக் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பேசோணும்"னேன். அறிவழகன் வந்தான். தாடி விட்டு, கண்ணெல்லாம் குழிஞ்சு. வாதத்துல தோத்தவனாட்டமே இல்லீங்க, வாழ்க்கைல தோத்தவனாட்டம் நின்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அவன் ரெண்டு கையையும் புடிச்சுட்டேன்.

"நான் தோத்துட்டேன் தம்பி. நீதான் ஜெயிச்சே. சக்தியெல்லாம் சும்மா, ஒறவுதான் பெருசு. குள்ளன் பொண்ணைக் குடுத்தது சரிதான்!"

அப்படியே தணிகாசலம் வாசப்படில உக்காந்துட்டாரு. அந்தம்மா முந்தானையை வாய்ல வெச்சுட்டு அழுவறாங்க. பையன் எங்கையைக் கண்ணுல ஒத்திக்கறான். ஒரு ஜப்பான் படத்துக்கு ஒரு குடும்பமே இப்படி உருகும்னு நான் கனவுல கூட நெனைக்கலீங்க! அவங்க ஊடே வெறுங்கையன் கச்சின்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

அந்தம்மா தயங்கித் தயங்கி, "தண்ணி... குடிக்கறீங்களாங்க?"ன்னாங்க.

"தண்ணி என்னத்துக்குங்க? சோறு இருந்தாப் போடுங்க. மத்தியானத்துல இருந்து அழுது அழுது பசிக்குது"ன்னேன்.

நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. எனக்கு மட்டும் புதுத் தட்டைக் கழுவித் தனியா வெக்கறாங்க. அதெல்லாம் ஆவாதுன்னுட்டேன். "சட்டியை நடுவுல வையுங்க, எல்லாரும் சுத்தி உக்காருங்க. படத்துல எப்படி சாப்பிடறாங்க?" அப்படியே உக்காந்தோமுங்க. அந்தக் கொழம்பு இருக்குதே! கையைக் கழுவவே மனசு வரலை. தணிகாசலத்துக்கும் எனக்கும் மோட்டாரைப் பத்திப் பேச்சு வந்து, அது ஒரு பக்கம் ஓடுது. அருமையான மனுசன்.

ஊட்டுக்கு வந்து ரத்னாகிட்டச் சொன்னேன். "அவங்க ஊட்லயா சாப்டீங்க?"ன்னா. ஆமான்னேன். "உக்காந்தா?" உக்காந்துதான்னேன். அவ தொப்புனு நாற்காலில உக்காந்துட்டா. "குள்ளனைப் பத்தி என்ன சொன்னீங்க?" அதையும் சொன்னேன். உள்ள இருந்து மிருதுளா ஓடியாந்து எங்கால்ல விழுந்துட்டா. எம்.பி.ஏ. பாஸ் பண்ணினப்பக்கூட அந்தப் புள்ள எங்கால்ல விழலீங்க. எந்திரிச்சப்பப் பாத்தா ஜலதோசம் போன எடமே தெரியலை!

அன்னைல இருந்து ஊடே வேற மாதிரி ஆயிப்போச்சு. ரசத்துல உப்பு வந்துருச்சு. அறிவழகன் முன்ன என்னை அங்கிள்னு கூப்பிடுவான், இப்ப மாமாங்கறான். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ரத்னாவும் அவங்கம்மாவும் போன் போட்டாங்கன்னா வெக்கறதே இல்லை. என்ன படமோ, என்ன கதையோ. பேசறாங்க பேசறாங்க, பொம்பளைங்களுக்கும் இந்த இசெக்காய் இப்படிப் புடிச்சுக்கும்னு நான் நெனைக்கலை.

இப்ப ஞாயித்துக்கெழமை அவங்க குடும்பமே எங்கூட்டுக்குப் படம் பாக்க வர்றாங்க. அவங்க பெரியப்பா, சித்தி, அத்தை, எல்லாருமா. பூ, பழம், வெத்தலை, பாக்கு, தேங்கான்னு தட்டுத் தட்டா எடுத்துட்டு வர்றாங்களாமா. என்ன மரியாதைங்க! சினிமாக் கொட்டாய்க்குப் போனா நாம முறுக்கு வாங்கிட்டுப் போவோம், இவங்க பாருங்க. ரத்னாவும் விடலை. ஊட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சு. மிருதுளாவுக்குப் பட்டுச்சேலை எடுத்தாச்சு. எம் மச்சினனுக்கும் சொல்லியாச்சு. மொதல்ல குதிச்சானாமா, அப்புறம் ரத்னா உள்ள கூட்டிட்டுப் போயி ஏதோ பேசினா, சரி வர்றேன்னுட்டான். ஒரு பொம்மைப்படம் பாக்கறதுக்கு அவன் எதுக்குக் குதிக்கோணும்? அவனும் மலைப்பொளந்தான் கச்சியா இருப்பானாட்ட.

என்னங்க இப்படிச் சிரிக்கறீங்க? கண்ணுல தண்ணியே வந்துருச்சு உங்களுக்கு. தொடைச்சுக்கங்க.

அட, பல்லடம் வந்துருச்சு. கண்டக்டரே, ஆள் எறங்கோணும்! அந்தப் பொட்டியை ஒரு கை புடிங்க... ஆங், அப்படித்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிர்றேன். காத்தால கெளம்பறப்ப ரத்னா வாசல் வரைக்கும் வந்து எங்கையைப் புடிச்சுக்கிட்டா. "ஏனுங்க, ஞாயித்துக்கெழமை அவங்க பெரியப்பா எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு உங்களை ஒண்ணு கேப்பாரு. சபைல கேப்பாரு. யோசிக்காமப் பதில் சொல்லிருவீங்களா?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இத்தனை வாரம் வாதாடினவனுக்கு, அந்த மனுசன் எந்திரிச்சு என்ன கேப்பாருன்னு தெரியாதா?

"அட போடி, எப்படிக் கேட்டாலும் எங்கிட்ட ஒரே பதில்தான்"னேன். "நல்லாச் சத்தமாச் சொல்றேன் பாரு, எங்களுக்கு ஒறவுதானுங்க வேணும்னு."